நம்ம ஊர்ப்பக்கம் தொலைமருத்துவம்: ஆரம்பிப்பது எப்படி, நடத்துவது எப்படி

நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்தோ திசையன்விளைக்குத் தெற்கே ஒரு தேரிக்காட்டு ஊரிலிருந்தோ ஒருவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப முழுசாக ஒரு நாள் போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லைதான். ஆனாலும் அன்றைக்குக் கிடைக்க வேண்டிய கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி, மத்தியானச் சாப்பாடு, அப்புறம் பீடி சுற்றுகிறவர் என்றால் அன்றைக்குக் கடையில் கொடுக்க வேண்டிய கணக்கு, இவ்வளவும் போகும். அதனால்தான் பிரஷர் மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆன பிறகும் "அடுத்த வாரம் போய்க்கிடலாம்" என்று நம்ம ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள். இந்தத் தள்ளிப்போடலைக் குறைக்கத்தான் தொலைமருத்துவம், அதாவது ஊரில் இருந்தபடியே செல்போன் வழியாக டாக்டரிடம் காட்டுவது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசின் இ-சஞ்சீவனி ஆப் ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பக்கம் டாக்டரும் இருக்கிறார், கட்டணமும் கிடையாது. நம்ம கிராமங்களில் குறைவது நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணி, டாக்டர் கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்லி, முடிந்ததும் மருந்து வாங்கிக் கொடுத்து, நாலு நாள் கழித்து "எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஒரு ஆள். அந்த ஆளை உருவாக்குவது எப்படி என்பதுதான் இந்தக் கையேடு. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

புதிதாக எதையும் கட்டாதீர்கள், இருப்பதோடு சேருங்கள்

இந்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இரண்டு வகையில் இயங்குகிறது. ஒன்று, 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு நேரத்தில் வந்தது: நோயாளி தன் செல்போனிலிருந்தே நேராக டாக்டரிடம் பேசலாம். இன்னொன்று 2019 நவம்பரிலேயே தொடங்கியது: துணை சுகாதார நிலையத்தில் இருக்கிற செவிலியர் நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துப் பதிவு செய்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டரோடு இணைப்பார். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வகைதான் நம்ம ஊருக்கு நூறு மடங்கு நல்லது, ஏனென்றால் அதில் பக்கத்தில் ஆள் இருக்கிறார். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊரில் இருக்கும்.

அதனால் முதல் வேலை, அந்த நிலையத்து நர்சம்மாவைப் போய்ப் பார்ப்பது. "சிஸ்டர், இங்கிருந்து வீடியோவில் டாக்டரைப் பார்க்க வசதி இருக்கா, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். வசதி ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் தனியாக மையம் வைக்கவே வேண்டாம். ஆட்களை அங்கே அழைத்துப்போவதும், முதியவர்களுக்குத் துணையாக உட்காருவதும் போதும். வசதி இல்லை என்றால்தான் கீழே சொல்கிற மாதிரி ஊரில் ஒரு மையம். நர்சம்மாவுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடு வீடாகப் போவது என்று ஏகப்பட்ட வேலை. அவருக்கு ஒரு கை கூடக் கிடைத்தால் சந்தோஷம்தான் படுவார். போட்டியாக ஒன்றைத் தொடங்கி அவர் மனதைச் சங்கடப்படுத்தினால், நாளைக்கு மருந்து வேண்டும் என்று போய் நிற்கும்போது கஷ்டம்.

அதே மாதிரி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற பெண் தன்னார்வலர் உங்கள் ஊரில் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். யார் வீட்டில் மாத்திரை மிச்சம் கிடக்கிறது, யார் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அவருக்குத்தான் அத்துப்படி. அவரை விட்டுவிட்டுத் தொலைமருத்துவம் பேசுவது வீண்.

ஆள்

பத்தாம் வகுப்புப் படித்து, தமிழ் நன்றாக எழுதி, செல்போன் கையாளத் தெரிந்து, முக்கியமாக ஊர் ரகசியத்தை வெளியில் பேசாத ஒருவர் வேண்டும். பெண்ணாக இருந்தால் மிக நல்லது. மாதவிடாய்க் கோளாறையோ மார்பில் கட்டியையோ ஒரு இளவட்டப் பையன் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்தவர், நர்சிங் படித்துவிட்டுக் கல்யாணமாகி ஊரில் இருக்கிற மருமகள், இப்படி ஒவ்வொரு ஊரிலும் யாராவது இருப்பார்கள். ஒரே ஆளை நம்பாதீர்கள், இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால் மையம் பூட்டிக் கிடக்கக் கூடாது. இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டால் மூன்றாம் தடவை ஆச்சிமார் வர மாட்டார்கள்.

பயிற்சியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, மூச்சு எண்ணுவது. இவ்வளவுதான் பாடம். ஆனால் பல பேருக்குச் செய்து செய்து கைவர வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு தெளிவான எல்லையும் போட்டுவிடுங்கள்: நோய் என்னவென்று அவர் சொல்லக் கூடாது, ஒரு மாத்திரைகூடத் தானாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஊரில் நாலு பேர் "நீயே ஒரு ஊசி போட்டு விடேன் தாயி" என்று கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு மசிந்துவிட்டால் அது போலி மருத்துவம். சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து.

இடமும் நேரமும்

மகளிர் குழுக் கட்டடம், ஊராட்சி நூலகம், பள்ளிக்கூடத்தில் சும்மா கிடக்கிற அறை, எதுவாகவும் இருக்கலாம். கதவு சாத்தக்கூடிய அறையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வராந்தாவில் வைத்து நாலு பேர் எட்டிப்பார்க்க டாக்டரிடம் பேசச் சொன்னால், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் டாக்டருக்கு முகம் கருப்பாகத்தான் தெரியும்.

நேரத்தை ஊரைப் பார்த்து வையுங்கள். நூறு நாள் வேலை நடக்கிற ஊரில் காலையில் ஆள் கிடைக்காது. முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றுகிற ஊர்களில் கடைக்குப் போய்ப் பீடி கொடுத்துவிட்டு இலை, தூள் வாங்கி வருகிற நேரத்தைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வையுங்கள். உவரி, கூட்டப்பனை, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களில் வள்ளம் கரைக்கு வந்து மீன் ஏலம் போகிற நேரத்தில் டாக்டரே நேரில் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்து, கோயில் சுவரிலும் சர்ச் நோட்டீஸ் பலகையிலும் பள்ளிவாசலிலும் எழுதிப் போடுங்கள். எந்த ஓ.பி. எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று ஆப்பில் பார்த்து அதோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

சிக்னலை ஊகத்தில் விடாதீர்கள். ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். என்று மூன்று சிம்மையும் எடுத்துக்கொண்டு அதே அறையில், அதே நேரத்தில் யாருக்காவது வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டுப் பாருங்கள். காலையில் நன்றாக ஓடுகிற சிக்னல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு சுற்றிக்கொண்டே நிற்கும். இறக்குகிற வேகத்தைவிட ஏற்றுகிற வேகம்தான் நமக்கு முக்கியம். டாக்டர் நம்மைப் பார்க்க வேண்டும் அல்லவா. சுமாராக நொடிக்கு ஒரு மெகாபிட் (Mbps) வேகம் சீராகக் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் வீடியோவை அணைத்துவிட்டு வெறும் பேச்சாக நடத்தலாம், புண்ணையும் ரிப்போர்ட்டையும் தனியாகப் படம் எடுத்து அனுப்பலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளே வீடியோ, குரல், எழுத்து மூன்றையும் அனுமதிக்கின்றன.

கருவிகள்

அதிகம் வேண்டாம். கையில் கட்டுகிற பட்டையுள்ள டிஜிட்டல் பிரஷர் கருவி ஒன்று (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், நம்பகமில்லை), சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர், ஆக்சிஜன் பார்க்கிற ஆக்சிமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கிற மெஷின், நல்ல டார்ச் ஒன்று. மொத்தமாக ஐந்தாறாயிரத்துக்குள் முடித்துவிடலாம். குளுக்கோமீட்டர் வாங்குமுன், அதில் ஒவ்வொரு தடவையும் செருகுகிற ஸ்ட்ரிப்பின் விலையை விசாரியுங்கள். மெஷின் மலிவாகக் கிடைக்கும், மாசா மாசம் ஸ்ட்ரிப்தான் பணத்தைத் தின்னும். ஒரு பட்டை எல்லாருக்கும் சேராது: குண்டான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய பட்டையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒருவரை உட்கார வைத்துப் பேசவைப்பது

இதுதான் முழு விஷயமும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வந்தவர் வெயிலில் நடந்து வந்திருப்பார். உடனே பிரஷர் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்மானமுள்ள நாற்காலியில் உட்காரட்டும், கால் தரையில் படட்டும், கையை மேஜையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். காபியோ வெற்றிலை புகையிலையோ போட்டிருந்தால் அரை மணி பொறுங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். சர்க்கரைக்கு விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழமோ கருப்பட்டியோ தொட்ட விரல் என்றால் அந்த இனிப்பையும் சேர்த்து மெஷின் எண்ணிவிடும். ஆக்சிமீட்டரை நகப்பூச்சோ அடர்த்தியான மருதாணியோ இல்லாத விரலில், கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

அடுத்து மாத்திரைப் பை. வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். "எல்லா மாத்திரையும்" என்று அழுத்திச் சொல்லாவிட்டால் ஒரு அட்டைதான் வரும். ஒரு ஆச்சி மஞ்சப்பையைத் தலைகீழாகப் பாயில் கொட்டினார். பாதி வெட்டிய அட்டைகள், பேர் தெரியாமல் கத்தரித்தவை, தைலப் புட்டி, ஒரு பழைய எக்ஸ்ரே கவர். "காலையில எதைப் போடுதிய ஆச்சி?" என்றால், "வெள்ளையில ஒண்ணு, ரோசுல பாதி" என்றார். அட்டைகளைத் திருப்பி மருந்தின் மூலப்பெயரை ஒவ்வொன்றாகப் படித்தால், சர்க்காரில் கொடுத்த மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையும், தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அதே மெட்பார்மினும் இரண்டுமாக ஓடிக்கொண்டிருந்தது. இதை வீடியோவில் இருக்கிற டாக்டரால் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் இருக்கிறவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அட்டைகளை வரிசையாகப் பரப்பி, எழுத்துத் தெரிகிற பக்கத்தைப் படம் எடுத்து அழைப்புக்கு முன்னாலேயே ஏற்றிவிடுங்கள். எதை நிறுத்துவது என்பது டாக்டரின் முடிவு, நம்முடையது இல்லை.

மூன்றாவது, ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, கூடுகிறதா குறைகிறதா, எதனால் கூடுகிறது. "மேலுக்கு முடியல" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. காய்ச்சலா, அசதியா, மூச்சுவாங்குதா, பசிக்குதா, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். இதைச் செய்யாமல் நேராக டாக்டர் முன்னால் உட்கார வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? நம்மிடம் அரை மணி நேரம் புலம்பியவர், திரையில் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பெரியவர்கள் பலர் இப்படித்தான். அப்போது நாம் குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடக் கூடாது. "தாத்தா, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னியளே, அத டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுங்கள், அது போதும்.

அப்புறம், டாக்டர் தொட்டுப் பார்க்க முடியாததை நாம் அவருக்காகப் பார்க்க வேண்டும். இரண்டு உதாரணம்.

சின்னக் குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் சட்டையைக் கழற்றி, குழந்தை அழாமல் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். விட்டு விட்டு ஓடுகிற வீடியோவில் டாக்டரால் இதை எண்ண முடியாது. இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ போனால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், வீடியோவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்கப் போகிறவர், காட்டோரம் வேலை பார்க்கிறவர்களுக்கு நாலைந்து நாளாக விடாத காய்ச்சல் என்றால் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு. சிகரெட் சூடு பட்ட மாதிரி வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதரில் இருக்கிற சின்னப் பூச்சி கடித்து வருவது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு அடங்காது, ஆனால் கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் மாதிரி விலை குறைந்த மருந்திலேயே சரியாகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். நோயாளிக்கு அந்தப் பொருக்கு வலிக்காததால் அவர் சொல்லவே மாட்டார். இந்தப் பக்கம் ஒரு ஆள் தேடிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புண்ணைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். வெயில் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று.

ஆப்பில் பதிவது சுலபம்: செல் நம்பர், அதற்கு வருகிற ஓ.டி.பி., பெயர், வயது, தொந்தரவு, பழைய ரிப்போர்ட் இருந்தால் அதன் படம், அப்புறம் வரிசையில் காத்திருப்பது. முடிந்ததும் மருந்துச் சீட்டு செல்லுக்கே வரும். நம்பர் நோயாளியுடையதாகவோ அவர் வீட்டில் இருக்கிறவருடையதாகவோ இருக்கட்டும். உங்கள் நம்பரில் ஊரையே பதிந்து வைத்தால் நாளைக்கு அவர்களின் சீட்டு அவர்களுக்கே கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும்.

சீட்டு வந்த பிறகு

பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். சீட்டு செல்லில் கிடக்கும், மருந்து வாங்கியிருக்க மாட்டார்கள். எனவே மையம் தொடங்குமுன்பே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் பேசி, இந்தச் சீட்டைக் காட்டினால் அங்கே மருந்து கிடைக்குமா, யார் போய் வாங்கலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாத மருந்துக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் எது பக்கம் என்று பாருங்கள். சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், தேதி இருக்கிறதா என்று பார்த்து ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள்.

மாத்திரை உறையில் சூரியன், நிலா வரைந்து கொடுப்பது படிக்கத் தெரியாதவர்களுக்கு மிகவும் உதவும். நாலாவது நாள் ஒரு போன் அல்லது வீட்டுக்கே ஒரு நடை. இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, பெயர், அளவுகள், டாக்டர் சொன்னது, அடுத்து எப்போது. இந்த ஒரு நோட்டு இருந்தால் அடுத்த தடவை வேறு டாக்டர் வந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம்.

பாளையங்கோட்டையில் தனியார் டாக்டரிடம் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கிறவர்கள், அடுத்த தடவை நேரில் போகும்போது "மறுபடி பார்ப்பதை வீடியோவில் வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தையல் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை முடிவு காட்டுவது, இதற்கெல்லாம் பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை. மனசு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும், இலவசமாக. கண்ணுக்கு என்றால் அரவிந்த் கண் மருத்துவமனை சின்ன ஊர்களில் வைத்திருக்கிற பார்வை மையங்களைப் போய்ப் பாருங்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கருவியில் கண்ணைச் சோதிப்பார், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் திரையில் பார்த்து முடிவு சொல்வார். நம்ம மையம் எப்படி நடக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள அதுவே ஒரு பாடம்.

வீடியோவுக்கு உட்காரவே கூடாதவை

இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நெஞ்சுவலி, அதோடு வியர்வை. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது (பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்). கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, முகம் கை வீக்கம், குழந்தை அசைவு குறைவது, பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல். பூச்சிமருந்தோ அரளி விதையோ சாப்பிட்டது. ஆக்சிஜன் 90-க்குக் கீழே. வலிப்பு, மயக்கம். காய்ச்சலோடு ரத்தக் கசிவு. இதற்கெல்லாம் 108. வண்டி வருவதற்குள் என்ன செய்வது என்று அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பாம்புக்கடி நம்ம வயற்காட்டு ஊர்களில் தனியாகச் சொல்ல வேண்டியது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, பச்சிலைக்குக் கூட்டிப்போய் நேரம் போக்கக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மருந்து எங்கே இருப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துச் சுவரில் எழுதி வைப்பதும் உங்கள் மையத்தின் வேலைதான். நாய்க்கடிக்குச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி.

மலைக்கு மேலே

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, அப்புறம் பாபநாசத்துக்கு மேலே காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகள், இங்கெல்லாம் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. புலிகள் காப்பகத்துக்குள் டவர் வைப்பது சுலபமில்லை, சோதனைச் சாவடி நேரம் பார்த்துத்தான் வண்டி போகும். இஞ்சிக்குழிக்குப் போக காரையார் அணையைப் படகில் தாண்டி நடக்க வேண்டும்.

இங்கே நேரடி வீடியோவை மறந்துவிடுங்கள். குடியிருப்பிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அளவுகள், படம், நோயாளி தன் வாயால் சொல்கிற ஒரு நிமிடப் பேச்சு எல்லாவற்றையும் செல்லில் பதிந்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வரும்போது அனுப்பி, டாக்டர் பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவது. நாள் கணக்கில் தாமதமானாலும் தோல் நோய், ஆறாத புண், பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை இதற்கெல்லாம் இது போதும். மேலே போகிற நடமாடும் மருத்துவக் குழுவின் தேதியோடு இதை இணைத்துவிட்டால், குழு வருமுன்பே யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்று பட்டியல் கீழே போய்விடும், மருந்தோடு வருவார்கள். அவசரத்துக்கு மட்டும் வனத்துறை வயர்லெஸ், ஜீப் யாரிடம் கேட்பது என்று பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பேறுகாலத்துக்கு முன்பே கீழே கொண்டுவந்து தங்க வைப்பதற்கு எந்த வீடியோவும் மாற்றாகாது.

மழைக்காலம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போச்சு, அப்புறம் டவர் போச்சு, பல ஊர்கள் நாள்கணக்கில் தனித்தீவாகக் கிடந்தன. செல்போனை நம்பி நடக்கிற மையம் அன்றைக்கு ஒன்றுமில்லாமல் போகும். அதனால் ஐப்பசி பிறக்குமுன், சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, இருதய நோயாளிகள் எல்லாருக்கும் கையில் ஒரு மாத மருந்து கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பட்டியலும், டயாலிசிஸ் போகிறவர்கள் பட்டியலும், மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் பட்டியலும் தாளில் எழுதி ஊராட்சித் தலைவரிடம் ஒன்று, நர்சம்மாவிடம் ஒன்று. ஆற்றோர ஊர்கள் என்றால் இவர்களைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும்.

ரகசியம்

ஊரில் யாருக்குக் காசநோய், யாருக்குக் குழந்தைப்பேறு சிகிச்சை, யாருக்கு மனநோய் மாத்திரை என்பது அந்த அறைக்கு வெளியே போகவே கூடாது. நோட்டைப் பூட்டி வையுங்கள், படங்களை அனுப்பிய பிறகு செல்லிலிருந்து அழித்துவிடுங்கள், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரிப்போர்ட்டும் போடாதீர்கள். ஆதார் நகல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், தேவையில்லை. மையத்தின் ஆள் தானே முன்வந்து டாக்டரை அழைக்கும்போது "டாக்டரிடம் பேசலாமா, விவரத்தை அனுப்பலாமா?" என்று நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்குவது நெறிமுறையிலேயே இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மருந்துகளையும் ஷெட்யூல் எக்ஸ் என்கிற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளையும் இந்த வழியில் எழுதித் தரச் சொல்லி யாரும் டாக்டரை வற்புறுத்தக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணமும் கிராம சபையும்

ஊராட்சி அளவில் கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்கிறது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. கருவிகளை அதிலிருந்து கேட்கலாம். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கிற ஊர்க்காரர்கள் கோயில் கொடைக்குப் பணம் அனுப்பும்போது, கூடவே ஒரு வருட ஸ்ட்ரிப் செலவுக்கும் கேளுங்கள், கண்டிப்பாகத் தருவார்கள். உட்காருகிற இரண்டு பேருக்கும் மாதம் ஏதாவது ஒரு தொகை கொடுத்தே ஆக வேண்டும். சும்மா வேலை வாங்கினால் சில மாதத்தில் ஆள் இருக்காது.

கிராம சபை வருடத்தில் ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற சபையில் தீர்மானமாகவே வையுங்கள். "எங்கள் ஊராட்சியில் வாரம் இரண்டு நாள் தொலைமருத்துவ உதவி நடத்த இன்ன அறையை ஒதுக்குவது, கருவிகளுக்குச் சுகாதாரக் குழு நிதியைப் பயன்படுத்துவது, இணைய வசதி செய்து தருவது, துணை சுகாதார நிலையத்தில் காலிப் பணியிடம் இருந்தால் நிரப்பக் கோருவது" என்று நாலு வரி போதும். வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகல் ஒன்று வாங்கி, வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதை அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.